பாதி அழுத்தம்

வாருங்கள் தம்பி. நாசரேத்திலிருந்து போனில் பேசியது நீங்கள்தானே? செல்வின். பெயரை மறக்கவில்லை. செருப்பு அங்கேயே கிடக்கட்டும், இந்தத் தெருவில் யாரும் எடுக்கமாட்டார்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். பஸ்ஸில் கூட்டமா? இருக்கும், இருக்கும். அந்தத் தடத்தில் உட்கார இடம் கிடைத்தது என்று சொன்ன ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேமராவைக் காட்டுகிறேன். முதலில் காப்பி. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத்தான் உங்களுக்குக் கதவு திறந்தேன். சர்க்கரை போடலாம் அல்லவா? எனக்கு டாக்டர் நிறுத்திவிட்டார். ஆனாலும் டப்பாவில் வாங்கி வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு வேண்டுமே.

விளம்பரம் போட்டது நான் இல்லை. என் மகள் மங்கை, பூனாவில் இருக்கிறாள், அங்கே உட்கார்ந்துகொண்டே போட்டுவிட்டாள். இந்த வீட்டைக் காலி செய்துவிட்டு நான் அவளோடு போய் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கட்டில் போய்விட்டது. கிரைண்டர் போய்விட்டது. தையல் மெஷினை எதிர் வீட்டம்மா எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இந்தக் கேமராதான். காலையில்கூடச் சொன்னாள். "அப்பா, இன்னைக்கு வர்றவருக்காவது குடுத்து விடுங்க. போன தடவை மாதிரி காப்பியக் குடுத்து வழியனுப்பி வைக்காதீங்க." சாயங்காலம் கூப்பிட்டுக் கேட்பாள். இன்றைக்கு எப்படியும் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உங்களுக்கு முன்னால் சிலர் வந்தார்கள். மேலப்பாளையத்திலிருந்து ஒருவர், கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கப் போகிறேன் என்றார். இந்தச் சின்னக் கேமராவை வைத்துக்கொண்டு மண்டபத்தில் என்ன செய்ய முடியும்? உட்காரவைத்து விளக்கமாகச் சொன்னேன். புரிந்துகொண்டு போய்விட்டார். பிறகு ஒரு கல்லூரிப் பெண், அப்பாவோடு வந்தது. நல்ல பிள்ளைதான். நகம் நீளம். பட்டனில் கீறல் விழுந்துவிடும். இன்னொருவர் லென்ஸ் மூடியைத் திறந்து, கண்ணாடி மேல் வாயால் ஊதி, சட்டை நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே "நல்லாத்தான் இருக்கு" என்றார். நீங்களே சொல்லுங்கள், அவருக்கு எப்படிக் கொடுப்பது?

காப்பியைக் குடியுங்கள். ஆறிவிடும்.

உங்களுக்கு எதற்கு? போனில் சரியாகக் கேட்கவில்லை. ஓ. வீட்டில் பிரசவம் அடுத்த மாதமா? முதல் குழந்தை. நல்லது, நல்லது. பிறந்த அன்றிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொல்கிறார்களாக்கும். போனில் எடுத்தால் போதாதா என்று கேட்கமாட்டேன். போனில் எடுத்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதோ. இரண்டையும் கொண்டுவந்துவிட்டேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். இந்தச் சின்னதுதான் நீங்கள் வாங்க வந்தது. இந்தப் பெரியது என்னுடையது. சின்னதும் முதலில் என்னுடையதுதான். பெரியது வந்த பிறகு அது அவளுடையதாக ஆகிவிட்டது.

அவள் என்றால், இதோ, சுவரில் இருக்கிறாளே, என் மனைவி வடிவு. போன கார்த்திகையில் போய்விட்டாள். நெஞ்சுவலி. ஆட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது முடிந்துவிட்டிருந்தது. அதைப் பேச வேண்டாம், நீங்கள் நல்ல காரியத்துக்காக வந்திருக்கிறீர்கள்.

தூக்கிப் பாருங்கள். முதலில் சின்னதை. வாரைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், அது முக்கியம். வாரில் அந்த மஞ்சள் கறை அவள் மஞ்சள் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து அப்படியே மாட்டிக்கொள்வாள், அதனால் வந்தது. துவைத்தால் போய்விடும் என்று மங்கை சொன்னாள். நான் துவைக்கவில்லை. நனைந்தால் வார் கெட்டுவிடும்.

எடையே இல்லை பார்த்தீர்களா? பிளாஸ்டிக் உடம்பு. இப்போது பெரியதைத் தூக்குங்கள். இரண்டு கையாலும். இது உலோகம். ஒவ்வொரு மூட்டிலும் ரப்பர் வைத்து அடைத்திருக்கிறான், மழைத் தண்ணீர் உள்ளே போகாது. கண்ணை வைத்துப் பாருங்கள். சின்னதில் பார்த்தால் சுரங்கத்துக்குள்ளே நின்று வெளியே பார்க்கிற மாதிரி இருக்கும். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சேர்த்து வைத்திருக்கிறான். பெரியதில் முழுப் பட்டகம், ஒரே கண்ணாடிக் கட்டி. வாசல் கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கிறதா? முதல் நாள் அப்படித்தான் எனக்கும் இருந்தது. கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவே மனம் வரவில்லை.

நான் இதையெல்லாம் யாரிடமும் படிக்கவில்லை தம்பி. பாபநாசம் பக்கம் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தேன். தரம் பார்க்கிற பிரிவு. நூலில் பிசிறு இருக்கிறதா, முடிச்சு இருக்கிறதா, ஒரு இடத்தில் தடித்து ஒரு இடத்தில் மெலிந்து வருகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. வேறு எதையும் பார்க்க வேண்டாம். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண் சும்மா இருக்குமா? அவள் தோசை வார்த்தால் ஓரத்தைப் பார்ப்பேன், புடவை மடித்தால் மடிப்பைப் பார்ப்பேன். அவள்தான் சொன்னாள். "என் பின்னாலயே சுத்திக்கிட்டு நொட்டை சொல்லாதீங்க. ஏதாவது ஒண்ணைக் கையில பிடிங்க." அப்படித்தான் இந்தச் சின்னக் கேமராவைப் பிடித்தேன். நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் இருந்தது. அப்புறம் யூடியூப். தினமும் ஒரு பாடம்.

மேலே இந்தச் சக்கரத்தைப் பாருங்கள். சின்னதில் படம் படமாகப் போட்டிருக்கிறது. பச்சைக் கட்டம், ஒரு தலை, ஒரு மலை, ஒரு பூ, ஓடுகிற ஆள். பச்சைக் கட்டத்தில் வைத்தால் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். தலை என்றால் முகத்துக்கு. மலை என்றால் தூரத்துக் காட்சிக்கு. பூ என்றால் ரொம்பக் கிட்டத்தில் எடுக்கிற சின்னப் பொருளுக்கு. ஓடுகிற ஆள் ஓட்டத்துக்கு.

வடிவு என்ன செய்தாள் தெரியுமா? அந்தத் தலை இருக்கிறதே, அது தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தலை. இவள் அதைத் தலைப்பாகை கட்டிய ஆள் என்று நினைத்துவிட்டாள். ஆக, ஆண்களை எடுப்பதற்குத் தலைப்பாகை. பெண்களை எடுப்பதற்குப் பூ. இப்படியே எத்தனையோ நாள் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒருநாள் அவள் தங்கச்சியை எடுத்தபோது நான் பார்த்துவிட்டேன்.

"ஏன் பூவுல வச்சிருக்கே?"

"பொம்பளைக்குப் பூதானே?"

"யார் சொன்னா?"

"யார் சொல்லணும்? கம்பெனிக்காரனே படம் போட்டுல்லா வச்சிருக்கான். ஆம்பளைக்குத் தலப்பா, பொம்பளைக்குப் பூ. மலைன்னா குத்தாலம். எல்லாம் சரியா வச்சிட்டு, திருச்செந்தூருக்கு ஒண்ணுமே வைக்காம விட்டுட்டான் பாருங்க. கடலைக் காணோம்."

தங்கச்சி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து விளக்கினேன். முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடியும் பூவில் வைத்தாள். ஆனால் பாருங்கள், படம் நன்றாகத்தான் வந்தது. சின்னக் கேமராவின் குணம் அது. தப்பு செய்தாலும் சமாளித்துக்கொள்ளும். நீங்கள் என்ன நினைத்தீர்களோ அதை அதுவே ஊகித்துக்கொள்ளும்.

பெரியது அப்படி இல்லை. சக்கரத்தில் தலையும் இல்லை, பூவும் இல்லை. வெறும் எழுத்துதான். வெளிச்சம் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எல்லாம் நீங்கள் சொல்ல வேண்டும். முன்னால் ஒரு சக்கரம் விரலுக்கு, பின்னால் ஒரு சக்கரம் கட்டைவிரலுக்கு. கண்ணை எடுக்காமலே இரண்டையும் திருப்பலாம். சின்னதில் ஒன்றுதான். பெரியது நீங்கள் சொன்னதை மட்டும் செய்யும், சொல்லாததைச் செய்யாது. சொல்லத் தெரிந்தவனுக்கு அதைப் போல ஒன்று கிடையாது.

இன்னொன்று பாருங்கள். சின்னதை இருட்டில் வைத்து அழுத்தினால் தலையில் டப்பென்று பிளாஷ் எழும்பும். "கோழி கொண்டையைத் தூக்கிட்டு" என்பாள் வடிவு. பெரியதில் கொண்டை கிடையாது. கொண்டை இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே கேமரா எந்த ரகம் என்று சொல்லிவிடலாம். அப்புறம் பெரியதில் கார்டு போட இரண்டு இடம். ஒரே படம் இரண்டிலும் பதியும். ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்று இருக்கும். சின்னதில் ஒன்றுதான். போனால் போனதுதான்.

பெரியதை வாங்கியது ஒரு மார்கழியில். ஏன் வாங்கினேன் என்றால், கூந்தன்குளம். இங்கிருந்து கிட்டத்தான், பறவைகள் வருகிற இடம். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, சில வருஷம் பூநாரை. சின்னதை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். நாரை சிறகை விரிக்கும், நான் அழுத்துவேன், படத்தில் நாரையின் கால் மட்டும் இருக்கும். சின்னது ஒரு வினாடிக்கு நாலு படம் எடுத்துவிட்டு மூச்சு வாங்கும். பெரியது தையல் மெஷின் மாதிரி ஓடும்.

வாங்கிய புதிதில் ஒரு கூத்து. பெரியதற்கு என்று தனி லென்ஸ் வர நாளானது. பொறுக்கமாட்டாமல் சின்னதின் லென்ஸை எடுத்து இதில் மாட்டினேன். மாட்டிக்கொண்டது. அவளை நிற்கவைத்து எடுத்தால், நடுவில் வட்டமாக அவள், சுற்றி நாலு மூலையும் ஒரே கறுப்பு. சின்ன லென்ஸின் வெளிச்சம், உள்ளே படம் பதிகிற பெரிய சென்சார் முழுக்க எட்டாது, அதுதான் காரணம். அவள் எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, கிணத்துக்குள்ள விழுந்தவ மேல பாக்க மாதிரில்லா இருக்கு" என்றாள். "இம்புட்டுக் காசு போட்டு என்னையக் கிணத்துல தள்ளிட்டீங்களே."

அந்தப் பருவம் முழுக்க ஞாயிற்றுக்கிழமை தோறும் கூந்தன்குளம். அவளும் வருவாள். நான் வா என்று கூப்பிட்டதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. பிளாஸ்க்கில் காப்பி, தூக்கில் இட்லி, கழுத்தில் சின்னக் கேமரா. நான் கரையில் கேமரா முக்காலியை ஊன்றி நிற்பேன். அவள் பின்னால் கருவேல மர நிழலில் உட்கார்ந்திருப்பாள். பேசக்கூடாது, பறவை கலைந்துவிடும். பேசமாட்டாள். பேசாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாவற்றையும் சேர்த்துப் பேசுவாள்.

ஒருநாள் எதிர்பாராமல் மழை. நான் அசையவில்லை. பெரியது மழை தாங்கும் அல்லவா, இதற்காகத்தானே வாங்கினது. இவள் குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கேமராவுக்குப் பிடிக்கிறாள். குடை போதவில்லை என்று முந்தானையை வேறு எடுத்து மேலே போடுகிறாள். எனக்குக் கோபம். எதிரில் ஒரு கூழைக்கடா, வாய் நிறைய மீனோடு.

"எடுட்டி அதை. இது மழையில நனையலாம். ஒண்ணும் ஆகாது."

அவள் முந்தானையை எடுத்தாள். குடையையும் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். "அப்ப நனையக்கூடாதது நான் ஒருத்திதானா? முதல்லயே சொல்லியிருந்தா நான் இம்புட்டு நனைஞ்சிருக்கமாட்டேன்லா."

வாய் அப்படி.

அந்தப் பருவத்தில் அவளும் சின்னதில் நிறைய எடுத்தாள். "கொக்கை எடு, நாரையை எடு, கையைப் பழக்கு" என்று சொல்லியிருந்தேன். பிறகு ஒருநாள் அந்தக் கார்டைப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் என் முதுகு தம்பி. முக்காலியோடு என் முதுகு, குனிந்தபடி என் முதுகு, மழையில் நனைந்த என் முதுகு. ஒன்றில்கூட ஒரு பறவை ஒழுங்காக இல்லை. தூரத்தில் வெள்ளையாக ஏதோ ஒரு புள்ளி. எல்லாம் தலைப்பாகையில் வைத்து எடுத்தது. பாவம், அவளுக்கு அவ்வளவுதான் வந்தது.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது பாதி அழுத்தம். தெரியுமா? இந்தப் பட்டன் இரண்டு படி. பாதி அழுத்தினால் கேமரா ஆளைக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்துகொள்ளும். செய்துவிட்டேன் என்று ஒரு சத்தம் கொடுக்கும். பீப் என்று. மீதியை அழுத்தினால் படம். இரண்டுக்கும் இடையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிறுத்தி வைத்திருக்கலாம்.

சின்னதில் நான் அவளை எடுக்கும்போது அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருப்பாள். அதுவரை ரேஷன் கடை வரிசையில் நிற்கிற மாதிரி முகம். பீப் என்றதும் கரண்ட் வந்துவிடும். பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். நான் மூலையைச் சரிபார்த்து, பின்னால் கொடிக்கயிறு தெரிகிறதா என்று பார்த்து, மெல்லத்தான் மீதியை அழுத்துவேன். அதுவரை சிரிப்பு அப்படியே நிற்கும். கன்னம் வலிக்கவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "சத்தம் வந்துட்டுன்னா எனக்குக் கவலையில்லை. நீங்க என்னையப் பாத்துட்டீங்கன்னு ஆயிட்டு. இனி எவ்வளவு நேரம் வேணாலும் நிப்பேன்" என்றாள்.

பெரியதில் வாங்கிய அன்றே அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டேன். பறவை மிரளும். தவிர, விஷயம் தெரிந்த ஒருவரும் பீப் வைப்பதில்லை. கூந்தன்குளத்தில் இத்தனை பேர் வரிசையாக நிற்கிறோம், யாருடைய கேமராவாவது பீப் என்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். புது ஆள் என்று தெரிந்துவிடும்.

அதிலிருந்து பிடித்தது வம்பு தம்பி. பெரியதில் அவளை எடுக்கவே முடியவில்லை. நிற்கச் சொன்னால் நிற்பாள். பாதி அழுத்துவேன்.

"சத்தமே வரலையே. அழுத்துனீங்களா?"

"அழுத்தியாச்சு."

"அப்ப எப்பச் சிரிக்க?"

"நீ பாட்டுக்கு இயல்பா இரு."

"இயல்பாத்தான் இருக்கேன். எடுத்தாச்சா?"

அந்த 'எடுத்தாச்சா'வில்தான் படம் விழும். ஒரு தடவை இரண்டு தடவை என்றால் பரவாயில்லை. அத்தனை படத்திலும் அவள் வாய் பாதி திறந்திருக்கும், கண் கேமராவைப் பார்க்காது, கேமராவுக்குப் பின்னால் இருக்கிற என்னைத் தேடும். எல்லாம் மிகத் துல்லியமான படங்கள். வெளிச்சம் சரி, நிறம் சரி. வாய் மட்டும் 'எடுத்தாச்சா'.

ஒருநாள் கேட்டாள். "அந்தச் சத்தத்தை மறுபடி வைக்க முடியாதா?"

"முடியும்."

"வைங்களேன்."

"பறவைக்கு ஆகாது."

"நான் என்ன கொக்கா?"

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் பழகிக்கொள்ளவில்லை, பாருங்கள், அதுதான் என் குறை. ஒவ்வொருவரும் புதுப் போன் வாங்கிப் பழகிக்கொள்கிறார்கள், புது அடுப்பு வாங்கிப் பழகிக்கொள்கிறார்கள். இவள் கடைசிவரை பெரிய கேமராவுக்கு நிற்கப் பழகவே இல்லை. நல்ல கேமராவுக்கு நிற்கவும் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

சுவரில் படத்தையே பார்க்கிறீர்கள். பாருங்கள், எழுந்து போய்க் கிட்டத்தில் பாருங்கள். அது பெரியதில் எடுத்தது. பதினாறாம் நாளுக்கு முன்னால் படம் மாட்ட வேண்டும் என்று மங்கை அவசரப்பட்டாள். அவள் சின்னதின் கார்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள், வீட்டு வாசலில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். "இதுதாம்ப்பா அம்மா" என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் படத்தில் இடது பக்கம் வாளி தெரிகிறது. நிழலில் கொஞ்சம் பிசிறு. பெரிதாக்கினால் உடையும். படம் பெரிதாக்கிக் கொடுக்கிற கடைக்காரர்கூட "அதெல்லாம் உடையாது சார், போடலாம்" என்றுதான் சொன்னார். அவருக்கு வேலை முடிய வேண்டும், சொல்வார். நான் பெரியதில் எடுத்ததைத்தான் கொடுத்தேன்.

புருவத்தில் நரைத்த முடி தனியாகத் தெரிகிறதா? மூக்குத்தியில் நம் வீட்டு ஜன்னல் தெரியும், கம்பிகூட எண்ணலாம். இன்னும் கிட்டத்தில் போங்கள். கண்மணிக்குள் கறுப்பாகச் சின்னதாக ஒன்று நிற்கிறதல்லவா? அது நான். கேமராவோடு. அவ்வளவு துல்லியம்.

ஆமாம். வருகிற எல்லாரும் நீங்கள் கேட்டதைத்தான் கேட்கிறார்கள். அம்மா ஏதோ சொல்ல வருகிற மாதிரி இருக்கிறதே என்று. சொல்ல வரவில்லை, கேட்கிறாள். காலையில் விளக்கேற்றப் போனால் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். ராத்திரி விளக்கை அணைக்கப் போனாலும் கேட்டுக்கொண்டு நிற்கிறாள். "எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். வேறு என்ன செய்ய?

அவள் போன பிறகு கூந்தன்குளம் போகவில்லை. போகக்கூடாது என்று இல்லை. இரண்டு பஸ் மாற வேண்டும், முக்காலி கனம், பிளாஸ்க்கையும் நானே தூக்க வேண்டும். பறவைகள் எங்கே போய்விடப் போகின்றன. ஆனால் இரண்டுக்கும் பேட்டரி ஏற்றி வைத்திருக்கிறேன். சும்மா கிடந்தால் கெட்டுவிடும். வாரம் ஒருமுறை சின்னதை எடுத்து, ஜன்னல் பக்கம் திருப்பி, பாதி அழுத்திப் பார்ப்பேன். சத்தம் வந்தால் அணைத்து வைத்துவிடுவேன். படம் எடுப்பதில்லை. எதை எடுக்க?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைக்காக என்றீர்கள். நான் யோசித்துப் பார்த்தேன். முதல் மூன்று மாதம் பிள்ளை தூங்கும், அப்போது எந்தக் கேமராவும் போதும். அப்புறம் குப்புற விழும். அப்புறம் தவழும். அப்புறம் ஓடும் தம்பி. ஓடுகிற பிள்ளையை இந்தச் சின்னது பிடிக்காது. நாரையையே பிடிக்கவில்லை. ஒரு காலும் ஒரு கையும்தான் வரும். ஓடுகிற ஆள் படம் சக்கரத்தில் இருக்கிறதே என்றால், இருக்கும், படம்தான் இருக்கும். நாளைக்கு உங்கள் வீட்டில் என்னைத்தான் திட்டுவார்கள், அந்தப் பெரியவர் ஏமாற்றிவிட்டார் என்று. எனக்கு அது வேண்டாம்.

அதனால் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. லென்ஸோடு. பேசிய விலைதான், அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். சின்னதுக்கு என்ன சொன்னோமோ அதுவேதான். இல்லை, இல்லை, நீங்கள் ஏமாற்றுகிற மாதிரி ஏன் நினைக்கிறீர்கள்? விற்கிறவன் நான். நான்தானே சொல்கிறேன். எனக்கு இனி பெரியது எதற்கு? பூனாவில் பறவை ஏது? மங்கை வீட்டில் ஏழாவது மாடி. புறா வரும். புறாவுக்குச் சின்னது போதும். எடையும் இல்லை, ரயிலில் கொண்டுபோக லேசு. கணக்குப் பார்த்தால் சின்னதை வைத்துக்கொள்வதுதான் எனக்கு வசதி.

மங்கை கேட்டால், கேமரா போய்விட்டது என்று சொல்வேன். பொய் இல்லையே. எது என்று அவள் கேட்கமாட்டாள். கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பை இது. முக்காலியையும் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் செய்கிறேன், பொறுங்கள், கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன். மெனுவில் உள்ளே எங்கோ இருக்கும். இதோ. சத்தத்தை வைத்துவிட்டேன். உங்களுக்குப் பறவை இல்லை, பிள்ளைதானே. சத்தம் இருக்கட்டும். பிள்ளைக்கு அது ஒரு விளையாட்டாக இருக்கும். யார் என்ன சொன்னாலும் நிறுத்தாதீர்கள்.

கிளம்பிவிட்டீர்களா? பஸ் இருக்கிறது தம்பி, கடைசி வண்டி வரைக்கும் நாசரேத்துக்கு இருக்கிறது. சரி, வீட்டில் தேடுவார்கள், போக வேண்டியதுதான். போவதற்கு முன்னால் ஒரு சின்ன உதவி. இந்தச் சின்னது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பூனாவுக்குக் கொண்டுபோய் அங்கே கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? நானே என்னை எடுத்துப் பார்க்க முடியாதல்லவா.

இந்தப் பக்கம் வாருங்கள், வெளிச்சம் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். நான் இங்கே நிற்கிறேன், அவள் படத்துக்குப் பக்கத்தில். படமும் வந்தால் வரட்டும், வராவிட்டாலும் சரி. பச்சைக் கட்டம் வேண்டாம். சக்கரத்தைத் திருப்புங்கள். தலைப்பாகையில் வையுங்கள். ஆம்பளைக்குத் தலைப்பாகைதான்.

இப்போது பட்டனைப் பாதி அழுத்துங்கள். முழுக்க வேண்டாம். பாதி.

கேட்டதா? எனக்குக் கேட்டது.

போன் அடிக்கிறதே. உங்கள் வீட்டில்தான் இருக்கும், இந்த நேரத்தில் அடிக்கவிடக்கூடாது, எடுத்துப் பேசுங்கள். விரலை மட்டும் எடுத்துவிடாதீர்கள், இன்னொரு கையால் பேசலாம். நிதானமாகப் பேசுங்கள் தம்பி, எனக்கு ஒரு அவசரமும் இல்லை. சத்தம் வந்துவிட்டதல்லவா. இனி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்பேன்.